எட்டு றாத்தல் விசை

ஸ்காபரோ
12.10.2008, ஞாயிறு

என்ர குட்டான்,

அந்தோனியார் புண்ணியத்தில் எனக்கு ஒரு குறையும் இல்லை. உன்னைப் பற்றி மட்டும்தான் யோசனை. நாற்பது வயது ஆளை இன்னும் குட்டான் என்று எழுதுகிறேன் என்று சிரிக்காதே. அம்மா உன்னை என் மடியில் விட்டுவிட்டுக் கண்ணை மூடினபோது நீ ஒரு பேக்கரிப் பாண் அளவு இருந்தாய். எனக்கு ஒன்பது வயது. நாலாம் வகுப்புப் புத்தகத்தை மூடி வைத்தவள் பிறகு திறக்கவேயில்லை. அதனால் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்.

இது செஞ்சிலுவைக்காரர் மூலம் வருகிற கடிதம். குடும்பச் செய்தி மட்டும் எழுத வேண்டுமாம். உன் முதலாளி றொபேட் அண்ணை சொன்னார்: "அந்தச் சாமானின்ர பேரை மட்டும் எழுதிப்போடாதை பிள்ளை. வழியில ஆரும் வாசிச்சா அவன்ர பாடு அவ்வளவுதான்." ஆகவே நெடுவல் என்று எழுதுகிறேன். நீ மான் வேட்டைக்குத் தோளில் போட்டுக்கொண்டு போவாயே, அந்த நெடுவல். விளங்கும்தானே.

சுனாமி அடித்த வள்ளங்களின் மெஷின் திருத்த மூன்று மாதம் போட்டு வாறன் அக்கா என்று 2005இல் ஊர்ப்பக்கம் போனாய். வேலை நீண்டு அங்கேயே நின்றாய், அடுத்த வருஷம் பாதையைப் பூட்டினார்கள். நெடுவல் அன்றிலிருந்து அஜக்ஸில், றொபேட் அண்ணையின் பட்டறையில், பூட்டின அலுமாரிக்குள் நிற்கிறான். என்னிடம் லைசென்ஸ் இல்லை, வீட்டுக்குக் கொண்டுவர முடியாது. கோ ரெயினில் போய், அண்ணை பக்கத்தில் நிற்க, ஒருக்கா துடைத்துவிட்டு வருவேன்.

நான் எழுத வந்த விஷயம் இதுதான். 2004 கார்த்திகையில் நீ காட்டிலிருந்து வெறுங்கையோடு வந்தாய். எல்லாரும் பகிடி பண்ண, "விசை சரியான கனம், நான் இழுத்து முடிக்க முதல் மான் ஓடிப்போட்டுது" என்றாய். முகம் சுண்ணாம்பு மாதிரி இருந்தது. அதற்குப் பிறகு நீ வேட்டைக்குப் போகவில்லை. எனக்கு அந்த நாள் வடிவாக ஞாபகம். அன்று விடியத்தான் நான் வேலை செய்கிற பாண் கொம்பனியில் தட்டு வண்டில் என் மேல் சரிந்தது. பின்னால் ஆரோ "அக்கா" என்று கூப்பிட்ட மாதிரி இருக்க, திரும்பினேன். அதனால் இடது கையில் ஒரு தழும்போடு போனது. அங்கே என்னை அக்கா என்று கூப்பிட ஆர் இருக்கினம்? எல்லாருக்கும் நான் ஜீன்.

அந்த மான் உன் மனதில் கிடக்கிறது என்று எனக்குத் தெரியும். அதனால் றொபேட் அண்ணையிடம் கேட்டேன், இழுக்க எட்டு றாத்தல் பெலம் கேட்கிற விசையை மூன்று றாத்தலுக்கு இளக்க ஏலுமோ என்று. "பாண் வாங்கிற மாதிரியெல்லோ சொல்லுறாய்" என்று சிரித்தார். ஏலுமாம். நீ வருகிறபோது அவன் ஆயத்தமாய் இருக்க வேண்டும். ஆயத்தமாய் ஒன்று காத்துக்கொண்டிருந்தால் ஆள் வந்துதானே ஆக வேண்டும். நீ ஓம் என்று எழுதினால் தொடங்குவோம்.

உன்னை வளர்த்தவள்,
அக்கா யூஜினி


மாத்தளன்
27.2.2009

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் கடிதம் தை மாதம் கைக்கு வந்தது. நான்கு இடம் மாறி, என்னைத் தேடிக்கொண்டே வந்திருக்கிறது. நான் இருக்கிறேன். கடற்கரை மணலில் தறப்பாளுக்குக் கீழே இருக்கிறேன். பக்கத்துத் தறப்பாளில் அன்ரனெற் என்று ஒரு பிள்ளையும் தாயும். தாய்க்குக் காயம். காயக்காரரைக் கப்பலில் ஏற்றுகிறார்கள், அவவிடம்தான் இதைக் கொடுத்து விடுகிறேன்.

நேற்று ஒருவரின் தண்ணீர் மெஷினைத் திருத்திக் கொடுத்தேன். உங்கள் தம்பி இங்கேயும் சும்மா இருக்கவில்லை. நீங்கள் குளிருக்கு அந்தப் பழைய கோட்டைப் போட வேண்டாம். புதிது வாங்குங்கள்.

அக்கா, நெடுவலின் விசையை ■■■■■■■■ ■■■■■■ ■■■■■■■■■ ■■■■■ ■■■■■■■■■■ ■■■■■■ ■■■■■■■■■■■ ■■■■■■■ ■■■■■■■■ ■■■■■ றொபேட் அண்ணையிடம் உடனே சொல்லுங்கள்.

எனக்காக அழ வேண்டாம். செபம் சொல்லுங்கள்.

பேனாட்


ஸ்காபரோ
3.5.2009, ஞாயிறு

குட்டான்,

உயிர்த்த ஞாயிற்றுக்கு முதல் நாள் உன் கடிதம் வந்தது. கதவடியில் நின்றே வாசித்தேன். பிறகு இருந்து வாசித்தேன். பிறகு படுத்துக்கொண்டு வாசித்தேன்.

அதில் மூன்று வரியை வழியில் ஆரோ கறுத்த மையால் அடித்திருக்கினம். யன்னல் வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்தேன், ஒன்றும் தெரியவில்லை. றொபேட் அண்ணை பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார். "உடனே சொல்லுங்கள் எண்டு கிடக்கு. பெடியன் அவசரப்படுறான். இனியென்ன, செய்வம்" என்றார். எனக்கும் அப்படித்தான் பட்டது. வேண்டாம் என்று எழுத நீ ஏன் மூன்று வரி எடுக்கப் போகிறாய்?

இந்தக் கடிதத்தை அனுப்ப இடமில்லை. எல்லாம் பூட்டு. எழுதாமலும் இருக்க முடியவில்லை. எழுதி பிஸ்கற் ரின்னுக்குள் போடுகிறேன். அனுப்பாத கடிதம்தானே, இனித் துவக்கு என்றே எழுதலாம்.

சண்டையை நிற்பாட்டச் சொல்லி ரொறன்ரோவில் எங்கள் சனம் முழுக்க றோட்டில் நிற்கிறது. கைக்குழந்தையோடும் நிற்கினம். நானும் போனேன். உன் படத்தைக் கொண்டுவரச் சொன்னார்கள், நான் கொண்டு போகவில்லை. படத்தைப் பிடித்தால் நீ காணாமல் போனவன் ஆகிவிடுவாய். நீ எனக்குக் கடிதம் போட்டவன்.

வேலை தொடங்கினோம். அண்ணை லீவரைக் கீழே இழுத்து, உள்ளே குண்டு சன்னம் ஒன்றும் இல்லை என்று கண்ணாலும் பார்த்து, சின்ன விரலையும் விட்டுப் பார்த்து, எனக்கும் காட்டினார். கொளுக்கித் தராசை விசையில் மாட்டி இழுத்தார்.

"எட்டரை."

நான் என் விரலால் இழுத்துப் பார்த்தேன். இருபது வருஷம் பாண் நிறுத்த கை அல்லவா. "எட்டரைக்கு ஒரு பணிஸ் குறைய" என்றேன்.

திரும்ப மாட்டிப் பார்த்தால் எட்டேகால்தான். "உன்ர கைக்கும் இந்தத் தராசுக்கும் கலியாணம் கட்டி வைக்கோணும்" என்றார்.

"தராசுக்கு வயது போட்டுது அண்ணை. எனக்கு வேண்டாம்."

தோளில் வைக்கிற மரக்கட்டையைக் கழற்றினார். அதன் பொந்துக்குள் ஒரு கடதாசி, எட்டாய் மடித்து, நூலால் கட்டி. "உவன்ர வேலையைப் பார். துவக்குக்கும் அந்தோனியார் காவல்!" என்றார். நீ எங்கே எதைச் செருகுவாய் என்று எனக்குத் தெரியாதா? உன் வாகனத்தின் வெயில் மறைப்பில், சாமான் பெட்டியில், என் கோட்டின் உள் பையில், எல்லா இடமும் செபம் எழுதி மடித்து வைப்பாய். மடித்த செபத்தை விரித்தால் காவல் போய்விடும் என்று ஊரில், பாசையூரில், எங்களுக்குச் சொல்லித் தந்தது. நான் விரிக்கவில்லை. முத்தமிட்டு என் செபப் புத்தகத்துக்குள் வைத்தேன். வேலை முடியத் திருப்பி வைப்போம்.

விசையின் நுனியும், சன்னத்தை அடிக்கிற குதிரையின் வெட்டும் முட்டுகிற இடத்தை எண்ணெய்க்கல்லில் மெல்ல மெல்லத் தேய்த்தார். மயிரளவுதானாம். கூடத் தேய்த்தால் தட்டுப்பட்டாலே வெடிக்குமாம். அன்றைக்கு நாலரைக்கு வந்தது. அலுமாரியில் வைத்துப் பூட்டினார். திறப்பு அவர் கழுத்தில் கிடக்கிறது.

அடுத்த ஞாயிறு எடுத்தால் எட்டேகால்.

"குளிருக்கு எண்ணெய் இறுகியிருக்கும்" என்றார். கழுவித் துடைத்துத் திரும்பத் தேய்த்தார். நாலரை. இன்றைக்குப் போய் எடுத்தோம். எட்டேகால்.

அண்ணை தராசைக் கழற்றி மேசையில் வைத்தார். தேத்தண்ணி ஆறிப்போனது. நான் விரலை வைத்துப் பார்த்தேன். குட்டான், அது இரும்பின் கனம் இல்லை. இரும்பு ஒரே மாதிரி இருக்கும். இது நான் இழுக்க இழுக்க, மறுபக்கத்தில் ஒரு ஆள் தன் விரலை வைத்துத் தள்ளுகிற மாதிரி. நான் விட, அதுவும் விடுகிறது. விசை கதகதவென்று இருந்தது.

"ஸ்பிறிங்கை மாத்தினாத்தான் சரி" என்றார் கடைசியில். "உது துவக்கோட வந்த ஸ்பிறிங் இல்லை, பிள்ளை. ஆரோ பெலத்த ஒண்டைப் போட்டிருக்கினம். நான் போடேல்லை."

புதிது வரப் பத்து நாள் செல்லுமாம்.

அக்கா


ஸ்காபரோ
18.5.2009, திங்கள்

குட்டான்,

சண்டை முடிந்துவிட்டதாம். ரீவியில் சொல்கிறார்கள். பக்கத்து வீட்டில் ஒரு மனிசி காலையிலிருந்து ஒரே சொல்லைச் சொல்லி அழுகிறா. நான் அழவில்லை. முதலில் நேற்று நடந்ததை எழுத வேண்டும். ஆருக்கும் சொல்லவில்லை, றொபேட் அண்ணைக்கும் சொல்லவில்லை.

முதல் பூசை கண்டுவிட்டு அஜக்ஸுக்குப் போனேன். ஒன்பது மணி இருக்கும். புது ஸ்பிறிங் போட்டு முடித்திருந்தார். கொளுக்கித் தராசில் சரியாக மூன்று றாத்தல். "வேலை சரி எண்டு கையெழுத்துப் போடுறது நீதான்" என்று என்னிடம் தந்தார். சன்னம் இல்லை என்று இரண்டு தரம் பார்த்தோம். பின்கதவைத் திறந்துவிட்டார். அவருடைய காணி உனக்குத் தெரியும்தானே, ஒரு வீடும் இல்லை, கடைசியில் மண்மேடு. "மேட்டைப் பாத்துப் பிடி. லீவரை இறுக்கிப் பிடி. மெல்ல இழு" என்றார்.

பிடித்தேன். குழலின் நுனியில் ஒரு ஆள் நின்றது.

மண்மேட்டுக்கு முன்னால், முதுகைக் காட்டிக்கொண்டு. இடுப்பில் நீலக் கட்டச் சாரம். இடது கையால் சாரத்தின் தலைப்பைத் தூக்கிப் பிடித்தபடி, சேற்றுக்குள் நடக்கிற ஆள் மாதிரி. உன் பிடரியை எனக்குத் தெரியாதா? எத்தனை வருஷம் அந்தத் தலைக்கு எண்ணெய் வைத்தவள்.

கூப்பிட வாய் திறந்தேன். விரல் முந்திவிட்டது. நான் இழுக்கவில்லை, ராசா. நினைத்தது மட்டும்தான். மூன்று றாத்தல் எதற்குக் காணும்? மூன்று பாணின் கனம்.

டிக் என்றது. அவ்வளவுதான். வெறும் துவக்கு.

பார்த்தால் மண்மேடு. சோளத்தின் போன வருஷத்து அடிக்கட்டைகள். ஆள் இல்லை.

"வெண்ணெய் மாதிரி இருக்கோ?" என்று பின்னாலிருந்து அண்ணை கேட்டார். ஓம் என்றேன். நான் துவக்கை மேசையில் வைத்துவிட்டுப் படியில் இருந்ததைப் பார்த்துவிட்டு, "சாப்பிடாமலே வந்தனி?" என்று பிட்டு எடுத்து வரப் போனார்.

நீ எங்கேயோ முகாமில் வரிசையில் நிற்கிறாய் என்று நினைத்துக்கொண்டிருக்கிறேன். சாப்பாட்டு வரிசையில் நிற்கிற ஆளும் அப்படித்தானே முதுகைக் காட்டும். ஒரு போன் எடு. ஒரு சொல் காணும்.

அக்கா


ஸ்காபரோ
2.4.2005

அக்கா,

இதை நீங்கள் வாசிக்கிறீர்கள் என்றால் நெடுவலின் மரக்கட்டையை ஆரோ கழற்றியிருக்கினம். விசையை இளக்கத்தான் கழற்றியிருப்பார்கள். தயவுசெய்து நிற்பாட்டுங்கள். நாளைக்கு பிளேன் ஏறுகிறேன். வாயால் சொல்ல எனக்கு வெட்கமாகவும் பயமாகவும் இருக்கிறது. அதனால் எழுதி வைக்கிறேன்.

போன கார்த்திகையில் மான் போய்விட்டது என்று பொய் சொன்னேன். விடியற்காலை, பனி. மரங்களுக்கு நடுவில் வெள்ளையாய் ஒன்று அசைந்தது. மான் வாலைத் தூக்கினால் அப்படித்தான் தெரியும். குறி வைத்து இழுத்தேன். இந்த விசை உங்களுக்குத் தெரியும், இழுத்து முடிக்க ஒரு மூச்சு வேண்டும். அந்த ஒரு மூச்சுக்குள் பார்த்துவிட்டேன். வால் இல்லை. பாண் கொம்பனியின் வெள்ளைத் தொப்பி. நீங்கள் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றீர்கள், அக்கா. காட்டுக்குள், ஏப்ரனோடு.

விரலை எடுத்துவிட்டு "அக்கா" என்று கத்தினேன். நீங்கள் திரும்பினீர்கள். முகம் தெரிய முதல் பனி மூடிவிட்டது.

அன்று பின்னேரம் போன் எடுத்தபோது தட்டு வண்டில் சரிந்த கதையைச் சொன்னீர்கள். ஆரோ கூப்பிட்டதால் திரும்பினேன் என்றீர்கள். நேரத்தைக் கேட்டேன். அதே நேரம்.

எனக்கு இதற்கு விளக்கம் தெரியாது. ஒன்று மட்டும் தெரியும். விசை இளக்கமாய் இருந்திருந்தால் கூப்பிட எனக்கு நேரம் இருந்திராது. அதனால் றொபேட் அண்ணைக்குத் தெரியாமல் இன்னும் பெலத்த ஸ்பிறிங் போட்டிருக்கிறேன். இந்தத் துவக்கு இருக்கும்வரை விசை கனமாய் இருக்கட்டும். எங்களில் ஒருவர் மற்றவரைக் கூப்பிட ஒரு மூச்சு வேண்டும்.

உங்கள் குட்டான்


ஸ்காபரோ
2.11.2009, திங்கள்

குட்டான்,

இன்றைக்கு மரித்தோர் திருநாள். உன் பெயரையும் பலிபீடத்தில் வாசித்தார்கள். நான்தான் எழுதிக் கொடுத்தேன். கை எழுதியது, எனக்கு அதில் சம்மதம் இல்லை.

உன் பக்கத்துத் தறப்பாளில் இருந்த அன்ரனெற் முகாமிலிருந்து வெளியே வந்து, நீ கொடுத்த நம்பருக்குப் போன கிழமை போன் எடுத்தவள். நான் ஒன்றும் கேட்கவில்லை. அவளாகவே சொன்னாள்.

"அன்ரி, வைகாசி பதினேழாம் திகதி பொழுதுபடுற நேரம். பாலத்தடியால சனத்தோட சனமா வந்து கொண்டிருந்தனாங்கள். முழங்காலளவு சேறு. பேனாட் அண்ணை எனக்கு முன்னால. சாரத்தை ஒரு கையால தூக்கிப் பிடிச்சுக்கொண்டு போனவர். திடீரெண்டு நிண்டவர், அன்ரி. ஆரோ கூப்பிடப் போகினம் எண்டு காத்துக்கொண்டு நிக்கிற மாதிரி. நான் நடவுங்கோ அண்ணை எண்டனான். நிண்டவர் அப்பிடியே விழுந்திட்டார். வெடிச்சத்தம் எண்டு எனக்குத் தனியாக் கேக்கேல்லை."

"என்ன நிறச் சாரம் பிள்ளை?" என்று கேட்டேன்.

"நீலம், அன்ரி. கட்டம் போட்டது."

அங்கே பொழுதுபடுகிற நேரம் இங்கே காலை ஒன்பது மணி. நாலாம் வகுப்புப் படித்தவளுக்கும் அந்தக் கணக்கு வரும்.

இன்றைக்குப் பூசையில், மரித்தவர்களின் மன்றாட்டு எந்தப் பக்கம் என்று செபப் புத்தகத்தைத் தட்ட, உன் கடதாசி மடியில் விழுந்தது. காவல் இனி ஆருக்கு என்று நினைத்து நூலை அவிழ்த்தேன். செபம் இல்லை. என் பெயர். எனக்கு எழுத்துக் கூட்டி வாசிக்க நேரம் எடுக்கும் என்று உனக்குத் தெரியும். எல்லாரும் எழும்பி நிற்க நான் முழங்காலிலேயே இருந்து வாசித்தேன். பூசை முடிந்து கோவில் பூட்ட வந்தவர் தோளில் தட்டினார்.

கறுத்த மைக்குக் கீழே நீ எழுதினதும் இதுதான் என்று இப்போது விளங்குகிறது. இரண்டு தரம் சொன்னாய். ஒன்றை ஆரோ அடித்தார்கள். மற்றதை நானே முத்தமிட்டு மூடி வைத்தேன்.

கோவிலிலிருந்து நேராக அஜக்ஸுக்குப் போனேன். கடதாசியை றொபேட் அண்ணையிடம் கொடுத்தேன். வாசித்துவிட்டுக் கதிரையில் இருந்துவிட்டார். "நான் ஒருக்கா விரிச்சுப் பாத்திருக்கலாம்" என்றார்.

"நான் விரிக்க விட்டிருக்க மாட்டன் அண்ணை."

உன் பழைய ஸ்பிறிங் சாமான் பெட்டியில் கிடந்தது. எடுத்துப் போடச் சொன்னேன். தேய்த்த துண்டுகளையும் கழற்றி எறிந்துவிட்டுப் புதிசு போட்டார். எல்லாம் முந்தின மாதிரி. முடித்துவிட்டுக் கொளுக்கித் தராசை மாட்டினார்.

மூன்று றாத்தல்.

கழற்றினார், பூட்டினார். தராசை மாற்றினார். மூன்று. "உந்த ஸ்பிறிங்குக்கு உது வரவே ஏலாது, பிள்ளை" என்றார். நான் விரலை வைத்துப் பார்த்தேன். இரும்பு சில்லென்று இருந்தது. இழுக்க உடனே வந்தது. மறுபக்கத்தில் ஒருவரும் இல்லை.

இனி அதை ஆரும் சுடுவதற்கில்லை என்று சொல்லிவிட்டேன். இந்தக் கடிதத்தை எட்டாய் மடித்து, உன் நூலாலேயே கட்டி, நீ வைத்த பொந்துக்குள் வைத்து மூடச் சொல்லப்போகிறேன். விரிக்க இனி ஆளில்லை, அதனால் கேட்கிறேன்.

நீ காட்டுக்குள் கூப்பிட்டாய், நான் திரும்பினேன், உயிரோடு இருக்கிறேன். அன்றைக்கு நீ சேற்றுக்குள் நின்றது என் குரலுக்காகத்தானே? அந்த விசை எட்டு றாத்தலாய் இருந்து, "குட்டான்" என்று கூப்பிட எனக்கு ஒரு மூச்சுக் கிடைத்திருந்தால், நீ திரும்பியிருப்பாயோ, ராசா?